இங்கிலாந்துக் கிராமத்து மரச்சட்ட வீடுகள்: சுவர் தாங்காத வீடு 600 ஆண்டு நிற்பது எப்படி?

கேட்கப்பட்டது இது: இங்கிலாந்துக் கிராமங்களின் படங்களில் வெள்ளைச் சுவரும் அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்பு மரச்சட்டமுமாகப் பழைய வீடுகள் வருகின்றனவே, அந்த மரம் அழகுக்கு வைத்ததா, உண்மையிலேயே வீட்டைத் தாங்குகிறதா? மேல்மாடி ஏன் கீழ்ச்சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது? வெறும் மரமும் மண்ணும் என்றால், அத்தனை மழை பெய்யும் நாட்டில் 500, 600 ஆண்டுகள் எப்படி நின்றன?

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். உண்மையான பழைய வீடாக இருந்தால் மரம்தான் தாங்குகிறது; சுவர் எதையும் தாங்கவில்லை. சட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளைப் பகுதி முழுவதையும் தட்டி எடுத்துவிட்டாலும் கூரை அப்படியே நிற்கும். உள்ளே இருப்பவர்களுக்குக் குளிரும், அவ்வளவுதான். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற கேள்விகளுக்கும் இதிலிருந்தே வழி கிடைக்கும்.

இதற்கு நல்ல சாட்சி பேலீஃப் என்ற பண்ணைவீடு. கென்ட் மாவட்டத்தில் சிடிங்ஸ்டோன் அருகே 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. 1960-களில் அங்கே பௌ பீச் நீர்த்தேக்கம் வந்தபோது இந்த வீடும் போக வேண்டியதாயிற்று. வீட்டை இடிக்கவில்லை, கழற்றினார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் அடையாளம் இட்டு, மேற்கு சசெக்ஸில் சிங்கிள்டன் என்ற ஊரில் இருக்கும் வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய் 1972-இல் மறுபடி நிறுத்தினார்கள். செங்கல் வீட்டை இப்படிப் பிரித்து எடுத்துப் போவதைக் கற்பனை செய்து பாருங்கள். ஆனால் பேலீஃபைக் கட்டிய தச்சர்கள் இதைக் கேட்டால் பெரிதாக ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். முதல் தடவையும் இத்தகைய வீடுகள் அப்படித்தான் வந்தன. தச்சுக்களத்தில் தரையில் படுக்கவைத்துச் சட்டங்களைச் செய்து, பொருத்திப் பார்த்து, பிரித்து, வண்டியில் ஏற்றி, மனையில் மறுபடி பூட்டி நிமிர்த்தினார்கள்.

பிரித்ததை மறுபடி பூட்ட வேண்டுமென்றால் எது எதோடு சேரும் என்று தெரிய வேண்டும் அல்லவா? அதனால் இரண்டு மரங்கள் சேரும் இடத்தில், இரண்டிலும் ஒரே எண்ணைக் கீறி வைத்தார்கள். பெரும்பாலும் ரோமன் எண்கள். உளியால் நேர்கோடு வெட்டுவது சுலபம். நான்கைப் பல இடங்களில் நான்கு கோடாகவே போட்டிருப்பார்கள், தலைகீழாகப் பார்த்தால் ஆறோடு குழம்பக் கூடாதே. இன்றும் பழைய வீடுகளில் இந்தக் கீறல்களைப் பார்க்கலாம். வழிகாட்டிகள் காட்டாமல் போனாலும் தேடிப் பாருங்கள். அலங்கார வேலைப்பாடுகளைவிட எனக்கு இவைதான் பிடிக்கும்.

அடுத்து, மரம். பெரும்பாலும் ஓக். "அந்தக் காலத்தில் ராட்சத மரங்கள் இருந்தன, அவற்றை அறுத்துக் கட்டினார்கள்" என்று சொல்வார்கள். உண்மை வேறு. காடுகளின் வரலாற்றை ஆராய்ந்த ஆலிவர் ராக்கம், சஃபோக் மாவட்டத்தின் ஸ்டான்டன் ஊரில் கிரண்டில் ஹவுஸ் என்ற பழைய பண்ணைவீட்டின் மரங்களை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார். 1500-ஐ ஒட்டிய காலத்து வீடு. சுமார் 330 மரங்கள் அதில் போயிருந்தன. அவற்றில் பாதி, 9 அங்குல விட்டம்கூட இல்லாத சிறு மரங்கள். 18 அங்குலத்தை எட்டியவை மூன்றே மூன்று. அதாவது தேவையான பருமனுக்கு வளர்ந்த மரத்தைத் தேர்ந்தெடுத்து வெட்டி, நான்கு பக்கமும் செதுக்கி, ஒரு மரத்தை ஒரு தூணாகவோ ஒரு சட்டமாகவோ ஆக்கினார்கள். பெரிய மரத்தைச் சின்னதாக அறுப்பது வீண் வேலை. குழியின் மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று ரம்பம் இழுக்க வேண்டும், கூலி ஏறும். கோடரியும் வாய்ச்சியும் போதும் என்றால் எதற்கு ரம்பம்?

இந்த மரத்தைக் காயவைத்து வேலை செய்யவில்லை. பச்சையாகவே செய்தார்கள். காய்ந்த ஓக் இரும்பாக இறுகிவிடும், உளி மழுங்கும். பச்சை ஓக் உளிக்கு இணங்கும். வெட்டிய ஓராண்டு, ஈராண்டுக்குள் வீடாகிவிடும். பிறகு வீடாக நின்றபடியே ஆண்டுக்கணக்கில் காயும், சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். படங்களில் நீங்கள் பார்க்கும் கோணல் தரையும் சாய்ந்த தூணும் பெரும்பாலும் கட்டிய முதல் சில பத்தாண்டுகளிலேயே வந்துவிட்டவை. மிச்சம், அடித்தளம் தாழ்ந்ததாலோ பின்னாளில் யாரோ ஒரு முட்டுச்சட்டத்தைத் தங்கள் வசதிக்கு அறுத்து எடுத்ததாலோ வந்திருக்கும். சுற்றுலாப் பயணிகள் "இன்றைக்கோ நாளைக்கோ விழுந்துவிடும்" என்று பேசிக்கொண்டு கடந்துபோகும் கோணல் பல நூற்றாண்டுகளாக அசையாமல் இருக்கிற கோணலாகவும் இருக்கலாம்.

பச்சை மரத்தில் கட்டியதால் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு லாபம். ஒரு சட்டத்தில் பட்டையை ஒட்டிய கடைசி வளையம் வரை மிஞ்சியிருந்தால், ஆண்டு வளையங்களை எண்ணி ஒப்பிட்டு, மரம் வெட்டிய ஆண்டையே சொல்லிவிடலாம். வீடு கட்டிய ஆண்டும் ஏறக்குறைய அதுதான். "1300-இல் கட்டியது" என்று உள்ளூரில் பெருமையாகச் சொல்லப்பட்ட பல வீடுகளின் வயது இப்படிக் குறைந்திருக்கிறது. சிலவற்றுக்குக் கூடியும் இருக்கிறது.

சுருங்கும் மரத்தில் மூட்டு தளராதா என்று கேட்பீர்கள். ஒரு மரத்தின் முனையை நாக்காகச் செதுக்கி, மற்றதில் அதற்கேற்ற துளை போட்டுச் செருகி, குறுக்கே மர ஆணி அடிப்பதுதான் அடிப்படை மூட்டு. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நாக்கில் போடும் ஆணித்துளையைக் கொஞ்சம் உள்வாங்கிப் போடுவார்கள், வெளித்துளையோடு நேராக வராது. காய்ந்த ஓக்கைப் பிளந்து செய்த, முனை கூம்பிய ஆணியை அதில் அடிக்கும்போது ஆணி வளைந்து புகுந்து மூட்டை உள்ளே இழுத்துப் பிடிக்கும். மரம் காயக் காய பிடி இறுகும். இரும்பு ஆணி இந்த வேலைக்கு ஆகாது. ஓக்கில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புச் சத்து இரும்பை அரித்துவிடும். சுற்றிலும் கருநீலக் கறை படியும். நிமிரும் சட்டகம் பக்கவாட்டில் சரியாமல் இருக்க, தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே சாய்வாக முட்டுச்சட்டங்கள் வரும். வெளியே தெரியும் வளைந்த மரங்கள் இவைதான். மரமே வளைந்து வளர்ந்தது. அதைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள்.

தச்சரின் மூளை எங்கே தெரிகிறது என்று கேட்டால், தூணின் தலையில் என்பேன். அங்கே மூன்று மரங்கள் சந்திக்கின்றன: தூண், சுவரின் நீளத்துக்கு ஓடும் மேல்சட்டம், வீட்டின் குறுக்கே போய் எதிர்த்தூணைப் பிடிக்கும் விட்டம். கைமரங்கள் சுவரை வெளியே தள்ளப் பார்க்கும். விட்டம் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். மூன்று மூட்டுகளை ஒரே இடத்தில் வெட்டினால் தூணில் சதை மிஞ்சாது. அதற்குச் செய்த வழி, மரத்தைத் தலைகீழாக நிறுத்துவது. வேர்ப்பக்கம் பருத்த அடிமரம் மேலே வரும். அந்தப் பருமனில் ஒரு நாக்கு மேல்சட்டத்துக்கு, ஒரு நாக்கு விட்டத்துக்கு; விட்டமோ மேல்சட்டத்தின் மேல் புறாவால் வடிவில் வெட்டி உட்கார்ந்துகொள்ளும், இழுத்தாலும் வராது. இந்த மூட்டு 13-ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது, அதன்பின் ஐந்து நூற்றாண்டுகள் பெரிதாக மாறவில்லை.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வரலாம். ஏன் மக்கவில்லை? எல்லாக் காலத்திலும் மக்காமல் இருக்கவில்லை. முந்தைய காலத்தில் தூண்களைக் குழி தோண்டி மண்ணில் நட்டார்கள். மண்ணும் காற்றும் ஈரமும் சந்திக்கும் தரைமட்டத்தில் மரம் முதலில் போகும். அப்படிப்பட்ட வீடு சில தலைமுறை தாங்கினால் அதிகம். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மாற்றம் பரவியது. கல்லாலோ சிக்கிமுக்கிக்கல்லாலோ தாழ்வான ஒரு மேடை கட்டி, அதன்மேல் படுக்கைச் சட்டம் வைத்து, அதில் தூண்களைச் செருகினார்கள். வீட்டின் கால் மண்ணைவிட்டு ஒரு முழம் மேலே வந்தது. 600 ஆண்டு ஆயுளின் பெரும்பகுதி இந்த ஒரு முழத்தில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. மீதி, ஓக்கின் வைர மரம். ஓரத்திலிருக்கும் வெளிறிய பகுதியைப் பூச்சி தின்னும். உள்ளே வைரத்தை, ஈரம் தங்காதவரை, அவ்வளவு சுலபமாகத் தொடாது. எஸெக்ஸில் கிரெஸிங் டெம்பிள் என்ற இடத்தில் டெம்ப்ளர் வீரத்துறவிகளின் தானியக் களஞ்சியம் ஒன்று 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து இன்றும் நிற்கிறது, ஓக் சட்டத்தில்தான்.

வெள்ளைப் பகுதி என்னவென்றால், வரிச்சு கட்டி மண் பூசியது. சட்டங்களுக்கு நடுவே ஓக் குச்சிகளை நிமிர்த்திச் செருகி, அவற்றில் ஹேசல் என்ற புதர்மரத்தின் மிலாறுகளைக் குறுக்காகப் பின்னி, களிமண், சாணம், வைக்கோல் துண்டு எல்லாம் கலந்து மிதித்த சேற்றை இருபுறமும் அறைந்து பூசி, மேலே சுண்ணாம்பு. இந்த ஹேசல் மிலாறுக்காகவே காடுகளைப் பராமரித்தார்கள். அடியோடு வெட்டினால் மீண்டும் தளிர்த்துச் சில ஆண்டில் அடுத்த வெட்டுக்குத் தயாராகிவிடும். வசதி வந்த பிறகு பல வீடுகளில் மண்ணை எடுத்துவிட்டுச் செங்கல் நிரப்பினார்கள், சில இடங்களில் மீன்முள் போலச் சாய்த்து அடுக்கி. பார்க்க அழகு. ஆனால் சட்டத்துக்குக் கூடுதல் பாரம், விளிம்புகளில் தண்ணீர் இறங்கும். மண்ணே மேல்.

சரி, உள்ளே போவோம். இதற்கு நான் எடுத்துக்கொள்வது கிழக்கு சசெக்ஸில் குக்மியர் ஆற்றை ஒட்டிய ஆல்ஃபிரிஸ்டன் கிராமத்தின் கிளர்ஜி ஹவுஸ். 1400-ஐ ஒட்டிய காலத்தைச் சேர்ந்தது. பெயர் பாதிரியார் வீடு என்றாலும் வசதியான விவசாயி ஒருவருக்காகக் கட்டியது என்பதே பொதுவான கருத்து. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இடிந்து விழும் நிலையில் இருந்தது. இடித்துவிடலாம் என்ற பேச்சும் வந்தது. சமூகச் சீர்திருத்தவாதி ஆக்டேவியா ஹில் முதலியோர் 1895-இல் தொடங்கியிருந்த, பழங்கட்டடங்களையும் இயற்கை இடங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட், அடுத்த ஆண்டே அதை 10 பவுண்டுக்கு வாங்கியது. அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடம் அது. இன்று நூற்றுக்கணக்கான மாளிகைகள் அதன் கையில் இருக்கின்றன. ஆரம்பம் இந்த வேய்ந்த கூரை வீட்டில்.

வெளியே நின்று பார்த்தால் ஒரே நீளக் கூரை, கீழே மூன்று பகுதிகள். இரு ஓரப் பகுதிகள் மாடியோடு, மாடி முன்தள்ளியபடி. நடுப்பகுதி உள்வாங்கியிருக்கும். கூரை நேராகப் போவதால் நடுவில் இறவாணம் வெளியே நீண்டு நிற்கும். அதை இருபுறமிருந்தும் வளைந்த முட்டுகள் தாங்கும். கென்ட், சசெக்ஸ் பக்கத்தில் அதிகம் காணும் அமைப்பு. வீல்ட் என்ற அந்த வட்டாரத்தின் பெயரால் வீல்டன் வீடு என்பார்கள். பேலீஃபும் இதே இனம்.

அந்த உள்வாங்கிய நடுப்பகுதிதான் ஹால், வீட்டின் உயிர். அதற்கு மாடி கிடையாது. தரையிலிருந்து கூரை முகடு வரை திறந்த வெளி. அண்ணாந்து பார்த்தால் பெரிய விட்டமும், அதன் நடுவில் நிற்கும் குத்துக்காலும், அதிலிருந்து நான்கு புறமும் கிளைக்கும் முட்டுகளும் தெரியும். நெருப்பு ஹாலின் நடுத்தரையில் எரிந்தது. புகைபோக்கி இல்லை. புகை மேலே ஏறி, கூரையின் இடுக்குகளிலும் அதற்கென்று விட்ட திறப்பிலும் தானாக வெளியேற வேண்டும். ஜன்னல்களில் கண்ணாடியும் இல்லை. சதுரக் கட்டைகளை முனை வெளியே பார்க்கும்படி வரிசையாக நிறுத்தியிருப்பார்கள், உள்ளே மரக்கதவு. காற்றும் மழையும் எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்தைச் சாத்திக்கொள்ள வேண்டியதுதான். ஆல்ஃபிரிஸ்டனில் தரை, அந்த வட்டாரத்து மென்மையான வெண்சுண்ணப்பாறையை இடித்துப் பரப்பி, புளித்த பால் ஊற்றி இறுக்கியது.

ஹாலுக்கு மேல்முனை, கீழ்முனை என்று மரியாதை வேறுபாடு உண்டு. மேல்முனையில் வீட்டுத்தலைவரின் மேசை, அதையொட்டி உயரமான ஜன்னல். கீழ்முனையில் எதிரெதிராக இரண்டு வாசல்கள், நடுவே குறுக்கு நடை. நடையின் மறுபக்கம் இரண்டு சின்ன அறைகள்: ஒன்றில் பீரும் பானங்களும், மற்றதில் ரொட்டியும் உணவும். அவற்றின் மேலே ஒரு மாடி அறை. வீட்டின் மறுகோடியில் குடும்பத்தின் தனியறை, அதற்கு மேலும் ஒரு மாடி அறை. இரண்டு மாடி அறைகளுக்கும் நடுவே வழி கிடையாது, நடுவில் ஹாலின் வெட்டவெளிதானே. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக, கீழே இறங்கி, எல்லோர் கண்ணிலும் பட்டு ஹாலைக் கடந்து மறுபடி ஏற வேண்டும். தனிமை என்பது அந்த வீட்டின் கணக்கிலேயே இல்லை.

இந்த அமைப்பைக் குலைத்தது புகைபோக்கி. 16-ஆம் நூற்றாண்டில் செங்கல் சாதாரண விவசாயிக்கும் எட்டியது. புகையை முதலில் ஒரு மூலைக்கு ஒதுக்கினார்கள், பிறகு மரமும் மண்ணுமாக ஒரு கூண்டு செய்தார்கள், கடைசியில் செங்கல் புகைபோக்கி கட்டினார்கள். புகை அடங்கியதும் ஹாலை உயரமாக வைத்திருக்கக் காரணம் போய்விட்டது. நடுவே ஒரு தளம் போட்டு மேலே அறைகள் செய்துகொண்டார்கள். மாடிக்கு ஏறும் படி புகைபோக்கியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. ஜன்னலுக்குக் கண்ணாடி வந்தது. டபிள்யூ. ஜி. ஹோஸ்கின்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 1953-இல் எழுதிய கட்டுரையில் 1570 முதல் 1640 வரையிலான காலத்தை இந்தப் பெரும் மறுகட்டுமானத்தின் காலம் என்று வரையறுத்தார். பின்வந்தவர்கள் அந்த ஆண்டுகளைத் தளர்த்தினார்கள். தென்கிழக்கில் முன்பே தொடங்கியது, வடக்கே வெகு பின்னால் போனது. எப்படியானாலும், உலகம் "டியூடர் காட்டேஜ்" (16-ஆம் நூற்றாண்டில் ஆண்ட டியூடர் அரச வம்சத்தின் பெயரால்) என்று படமெடுக்கும் பல வீடுகள் இடைக்கால ஹாலுக்குள் பின்னால் தளம் செருகியவை.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். பரணில் ஏறி விளக்கடித்துப் பார்க்க வேண்டும். நடுப்பகுதியில் கைமரங்கள் புகைக்கரி படிந்து கருகருவென்று இருக்கும். ஓரப் பகுதிகளில் வெளுத்த மரம். கரி படிந்தது எங்கேயோ அங்கேதான் திறந்த ஹால் இருந்தது. டெவன் பக்கத்துக் கூரைகளில் இன்னும் ஒரு படி மேலே போகலாம். அங்கே பழைய வேய்ச்சலை முழுக்கப் பிரிக்காமல் அதன்மேலேயே புதிது வேய்வார்கள். அதனால் அடியடுக்கில் புகையேறிக் கறுத்த இடைக்கால வைக்கோல் அப்படியே இருக்கிறது. 500 ஆண்டுக்கு முன் என்ன கோதுமை, என்ன களை விளைந்தது என்பதைத் தாவர ஆராய்ச்சியாளர்கள் அதிலிருந்து எடுத்துப் பார்க்கிறார்கள்.

முன்தள்ளிய மாடிக்குக் காரணம் என்ன? நகரத்தில் தெரு குறுகல், மாடியை நீட்டினால் கொஞ்சம் இடம் கிடைக்கும் என்று வழக்கமாகச் சொல்வார்கள். நகரத்துக்கு அது பொருந்தலாம். ஆனால் சுற்றிலும் வயலாக இருக்கும் பண்ணைவீட்டுக்கு இடப் பஞ்சம் ஏது? கீழ்ச்சுவருக்கு மழை மறைப்பு என்பது கொஞ்சம் சரி. நீளமான தூண்கள் கிடைக்காததால் மாடிக்கு மாடி தனித்தூண் வைத்தார்கள் என்பதும் ஓரளவு சரி. கட்டுமான ரீதியில் இன்னொன்று உண்டு. அன்றைய தச்சர்கள் மாடித் தளத்தின் சட்டங்களை, இன்று நாம் செய்வதுபோல நிமிர்த்தி வைக்காமல், அகலப் பக்கம் கீழே வரும்படி படுக்க வைத்தார்கள். படுத்த சட்டம் நடுவில் தொய்யும், நடந்தால் துள்ளும். அதன் முனையை வெளியே நீட்டி, மேல்சுவரின் பாரத்தை அந்த முனையில் ஏற்றினால், நடுத்தொய்வைக் கொஞ்சம் எதிர்த்துத் தூக்கும். இத்தனையும் சொன்ன பிறகு, என் அபிப்பிராயம்: முக்கியக் காரணம் பெருமைதான். "எங்கள் வீட்டில் மாடி இருக்கிறது" என்று தெருவுக்குக் காட்டிய விதம். இல்லையென்றால், முன்பக்கம் மட்டும் நீட்டிப் பின்பக்கத்தை நேராக விட்டிருக்கும் அத்தனை வீடுகளுக்கு விளக்கம் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் நீட்டிய மாடி மூலையில் சந்திக்கும்போது, தளச்சட்டங்கள் இரு திசையிலும் போக வேண்டியிருக்கும். அதற்கு மூலைவிட்டமாக ஒரு கனத்த உத்தரம் வைத்து, அதிலிருந்து இருபுறமும் சட்டங்களை விரித்தார்கள். அதைத் தாங்கும் மூலைத்தூணில்தான் பெரும்பாலும் செதுக்கு வேலையும் காட்டினார்கள்.

பெருமை சட்டங்களின் எண்ணிக்கையிலும் தெரியும். 15-ஆம் நூற்றாண்டிலிருந்து கிழக்கிலும் தென்கிழக்கிலும் நிமிர்ந்த சட்டங்களை நெருக்கமாக, சட்டத்தின் அகலமும் இடைவெளியும் ஏறக்குறைய சமமாக இருக்கும்படி வைப்பது நாகரிகமாயிற்று. பாரத்துக்கு அத்தனை தேவையே இல்லை. காசு இருக்கிறது என்ற அறிவிப்பு அது. மேற்கே ஹெரஃபோர்ட்ஷயர், ஷ்ராப்ஷயர், செஷயர் பக்கம் சதுரக் கட்டங்களாக அடுக்கி, உள்ளே வளைவு, நட்சத்திரம் என்று நிரப்பினார்கள். வெப்ளி, பெம்பிரிட்ஜ் போன்ற கிராமங்கள் அந்தப் பக்கத்து அழகு. செஷயரில் லிட்டில் மோர்டன் ஹால் கிராமத்து வீடு அல்ல, நிலவுடைமையாளர் மாளிகை. ஆனாலும் குறிப்பிட வேண்டும். அதன் முற்றத்து ஜன்னல்களின் மேல், கடவுள் அருளால் இந்த ஜன்னல்களைச் செய்தவர் தச்சர் ரிச்சர்ட் டேல் என்ற வாசகம் 1559-ஆம் ஆண்டோடு செதுக்கப்பட்டிருக்கிறது. இத்தனை ஆயிரம் வீடுகளில் தச்சர் பெயர் தெரிவது அபூர்வம்.

இதுவரை சொன்னது பெட்டிச் சட்டகம். மேற்கிலும் வடக்கிலும் வேறொரு வகை உண்டு, க்ரக் என்று பெயர். இயல்பாகவே வளைந்த ஒரு மரத்தை நீளவாக்கில் பிளந்து, இரண்டு பாதிகளையும் எதிரெதிரே சாய்த்து நிறுத்தி உச்சியில் சேர்ப்பார்கள். தரையிலிருந்து முகடு வரை ஒரே மரம். கூரைப் பாரம் நேராக அடித்தளத்துக்கு இறங்கிவிடும். பிரிட்டனில் 3,000-க்கும் மேற்பட்ட க்ரக் கட்டடங்கள் பதிவாகியிருக்கின்றன, ஆனால் கிழக்கு ஆங்கிலியாவிலும் தென்கிழக்கிலும் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஏன் அந்தக் கோடு அங்கே நின்றது என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஷேக்ஸ்பியரின் மனைவி பிறந்த வீடு என்று ஷாட்டரி கிராமத்தில் ஆன் ஹாத்தவே காட்டேஜைக் காட்டுவார்கள். அதன் பழைய பகுதி 15-ஆம் நூற்றாண்டுக் க்ரக் வீடுதான். அங்கும் பின்னாளில் தளமும் புகைபோக்கியும் வந்தன. ஒரு புகைபோக்கியில் 1697 என்று ஆண்டு பொறித்திருக்கிறது.

இனி அந்தக் கறுப்பு வெள்ளை. இது பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டு ரசனை. தாரும் கறுப்புச் சாயமும் மலிந்த பிறகு, விக்டோரியா காலத்தார் சட்டங்களைப் பளிச்சென்று தெரியும்படி கறுப்படித்தார்கள். அதற்கு முன், கவனிக்காமல் விட்ட ஓக் வெயிலிலும் மழையிலும் வெள்ளி படர்ந்த சாம்பல் நிறமாகிவிடும். அல்லது சுவர், சட்டம் என்று பார்க்காமல் மேலிருந்து கீழ்வரை ஒரே சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள், சில இடங்களில் காவியோ மஞ்சளோ கலந்து. சஃபோக்கின் லாவனம் ஊரில் சாம்பல் நிற ஓக்கை இன்றும் பார்க்கலாம். எனக்கு அதுதான் அழகு. செஷயர்க்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

18-ஆம் நூற்றாண்டில் மரச்சட்டமே பழைய பஞ்சாங்கமாகிவிட்டது. வசதியுள்ளவர்கள் முன்பக்கம் செங்கல் முகப்பு கட்டி மறைத்தார்கள். சிலர் சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள், சிலர் ஓடுகளைத் தொங்கவிட்டார்கள். சசெக்ஸ், கென்ட் ஊர்களில் செங்கல் போலவே தோற்றமளிக்கும் ஒருவகை ஓட்டைச் சட்டத்தின்மேல் ஆணியடித்துச் செங்கல் வீடாகவே காட்டினார்கள். 1784-இல் வந்த செங்கல் வரியைத் தட்டிக்கழிக்கத்தான் இந்த ஓடு என்று ஒரு கதை உலவுகிறது. ஓட்டுக்கும் அப்போது வரி உண்டு, ஆகவே அந்தக் கதை நிற்காது. எப்படியானாலும், ஒரு கிராமத் தெருவில் 18-ஆம் நூற்றாண்டு ஜார்ஜியப் பாணியில் நேர்த்தியான செங்கல் முகப்பைப் பார்த்தால், பக்கவாட்டுச் சந்தில் எட்டிப் பாருங்கள். பின்னால் செங்குத்துக் கூரையும் ஓக் சட்டமும் ஒளிந்திருக்கும் வாய்ப்பு அதிகம்.

இன்னொரு கதை, கப்பல் மரம். "இந்த உத்தரம் பழைய போர்க்கப்பலிலிருந்து வந்தது" என்று கிராமத்து மதுக்கடையில் யாராவது சொல்வார்கள். ஆதாரமாக மரத்தில் காலியாக நிற்கும் துளைகளையும் வளைவையும் காட்டுவார்கள். காலித்துளை என்றால் அங்கே முன்பு வேறொரு சட்டம் இருந்து எடுக்கப்பட்டிருக்கிறது, அல்லது வேறொரு பழைய வீட்டின் மரத்தை மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கடலே காணாத வார்விக்ஷயர்க் கிராமத்துக்கு, உள்ளூர்க் காட்டை விட்டுவிட்டு, உப்பேறி இறுகிய கப்பல் மரத்தை மாட்டுவண்டியில் யார் இழுத்து வருவார்கள்?

இந்த வீடுகளுக்கு வந்த பெரிய ஆபத்து மழையோ பூச்சியோ அல்ல, 20-ஆம் நூற்றாண்டின் சிமெண்ட். மண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் விட்டுவிடும். மரம் கொஞ்சம் அசைந்தால் தானும் அசையும். சிமெண்ட் பூச்சு அசையாது; சட்டத்தின் ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும், அதில் இறங்கிய தண்ணீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். வெளியே சுவர் புத்தம் புதிதாக இருக்க, உள்ளே படுக்கைச் சட்டமும் தூண்களின் காலும் பஞ்சாக ஆகியிருக்கும். ஈரமேறிய ஓக்கைத்தான் மரத்தைத் துளைக்கும் டெத்வாட்ச் வண்டும் தேடி வரும். பிளாஸ்டிக் பெயிண்டும் இதே கேட்டைக் கொஞ்சம் மெதுவாகச் செய்யும். முறையான பழுதுபார்ப்பு என்றால், கெட்ட பகுதியை மட்டும் அறுத்துவிட்டு, அதே அளவில் புது ஓக்கை, இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வெட்டி மூட்டி, இடைவெளியை மறுபடி சுண்ணாம்பால் பூசுவது. எழுத்தாளரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் முதலியோர் 1877-இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் அன்றிலிருந்து சொல்லிவருவதும் இதையே: பழையதைப் புதுசாக்காதே, தேவையானதை மட்டும் செய், செய்ததை மறைக்காதே. சட்டமும் துணை நிற்கிறது. இத்தகைய வீடுகள் பெரும்பாலும் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. உரிமையாளரே ஆனாலும் அனுமதியின்றி ஒரு ஜன்னலை மாற்றினால் குற்றம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. நீங்கள் பார்த்த படங்களில் சில வீடுகள் போலியாக இருக்கலாம். 1920, 30-களில் லண்டனைச் சுற்றிய புறநகர்களில் செங்கல் வீட்டின் முன்முகத்தில் கறுப்புப் பலகைகளை ஆணியடித்து டியூடர் வேஷம் போடுவது பெரிய மோகமாக இருந்தது. அங்கே உங்கள் முதல் கேள்விக்குப் பதில் தலைகீழ்: மரம் அழகுக்கு, தாங்குவது சுவர். வேறுபடுத்துவது கடினமில்லை. சட்டங்கள் எல்லாம் ஒரே அகலத்தில் நூல் பிடித்தாற்போல இருந்தால் சந்தேகப்படுங்கள். சட்டங்கள் சேரும் இடத்தில் மர ஆணியின் தலை தெரிகிறதா, மாடி நீண்டிருந்தால் அதன் அடியில் தளச்சட்டங்களின் முனைகள் தெரிகின்றனவா, சாய்ந்த முட்டு உண்மையிலேயே தூணையும் உத்தரத்தையும் பிடிக்கிறதா, அல்லது சும்மா நடுச்சுவரில் முடிந்துபோகிறதா என்று பாருங்கள்.

நேரில் போகும் வாய்ப்பு வந்தால் சிங்கிள்டனில் தொடங்குவது நல்லது. பேலீஃபில் பின்னாளில் செருகிய தளத்தையும் புகைபோக்கியையும் நீக்கி, பழைய ஹாலாகவே நிறுத்தியிருக்கிறார்கள். நடுத்தரையில் நெருப்பு மூட்டிய நாளில் போனால், புகை தலைக்கு மேலே ஒரு மட்டத்தில் தங்குவதையும், உட்கார்ந்திருப்பவர் கண்ணில் அவ்வளவாகப் படாததையும் பார்க்கலாம். ஆல்ஃபிரிஸ்டன் அங்கிருந்து கிழக்கே, அதே தென் கடற்கரைப் பக்கம்தான். திறந்திருக்கும் நாட்களைப் பார்த்துக்கொண்டு போங்கள். இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம்.